பதினோரு நாளில் வெட்டிய கிணறு

மார்ச் மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, புழுதிக் காற்று அடித்துக்கொண்டிருந்த காலை நேரம். லோனி ஸ்டக்கி தன் போர்வெல் லாரியைப் பின்னால் எடுத்தான். எங்கள் ஊரின் வரலாற்றுப் பலகை சாய்ந்துபோயிற்று.

நீதிமன்றத்துக்கு முன்னால், சதுக்கத்தின் நடுவில், நாற்பத்திரண்டு வருடம் நின்ற பலகை. வார்ப்பு அலுமினியம், மேலே டெக்சஸ் நட்சத்திரம், கீழே இரும்புக் கம்பம். நான் பதிவாளர் அலுவலக ஜன்னலோரம் உட்கார்ந்து ஒரு திருமணப் பதிவைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். சத்தம் கேட்டு ஓடிப்போய்ப் பார்த்தால், பலகை மல்லாந்து கிடக்கிறது. பக்கத்திலிருந்த பழைய கிணற்றின் சிமெண்டு மூடியும் இரண்டாகப் பிளந்து, ஒரு பாதி உள்ளே சரிந்திருந்தது. லோனி தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, துக்க வீட்டுக்கு வந்தவன் போல நின்றான்.

"மிஸ் வெர்னா, சத்தியமா கண்ணாடியப் பாத்துதான் எடுத்தேன். புழுதியில ஒண்ணும் தெரியல."

"நாப்பத்திரண்டு வருஷமா அதே எடத்துலதான் நிக்குது லோனி. உன் லாரிக்குக் குறுக்க ஓடியா வந்துச்சு?"

எனக்குக் கோபம் வந்ததற்குக் காரணம் உண்டு. என் முழுப்பெயர் வெர்னா டாலிவர். ஊரின் பெயர் டாலிவர் வெல், அதாவது டாலிவர் கிணறு. அந்தக் கிணற்றை வெட்டியதாகப் பலகையில் இருந்த கர்னல் ஏமஸ் டாலிவர் என் கொள்ளுத்தாத்தா. பலகையின் வாசகத்தை 1964-ல் எழுதியவர் என் அப்பா. போதாக்குறைக்கு மாவட்ட வரலாற்றுக் குழுவின் தலைவியும் நானே. குழு என்றால் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். நான், மருந்துக்கடை பில், பிறகு கூட்டம் தொடங்கிப் பத்தாவது நிமிடம் தூங்கிவிடும் பாதிரியார் ஒருவர். அவ்வளவுதான்.

லோனி இதற்குள் கிணற்றோரம் குப்புறப் படுத்து, டார்ச் அடித்து உள்ளே பார்க்கத் தொடங்கியிருந்தான். நாற்பத்து நான்கு வயது ஆள். இருபது வருடமாகச் சுற்று வட்டாரப் பண்ணைகளுக்கெல்லாம் போர் போடுகிறவன். ஒரு துளையைக் கண்டால் எட்டிப் பார்க்காமல் அவனால் இருக்க முடியாது.

"இதையா கர்னல் வெட்டினாரு?" என்றான்.

"பலகையிலதான் எழுதியிருக்கே."

"மல்லாந்து கெடக்குதுல்ல, இப்பதான் மொதத் தடவையா முழுசா படிச்சேன். தன் கையால பதினோரு நாளுல வெட்டினாராம்." எழுந்து முழங்கால் புழுதியைத் தட்டினான். "மிஸ் வெர்னா, நம்ம ஊரு மண்ணுல மூணடிக்குக் கீழ முழுக்கச் சுண்ணாம்புப் பாறை. டீசல் ஊத்தி, வைர முனை போட்டு, நானே இந்த ஆழத்துக்கு ரெண்டு நாளு மல்லுக்கட்டுவேன். ஒத்த ஆளு, கடப்பாரையோட, பதினோரு நாளு! உங்க கர்னல் ராணுவத்துல இருந்தாரா, சர்க்கஸ்ல இருந்தாரா?"

"வாயை மூடிக்கிட்டு லாரியை எடு."

"எடுக்கறேன். ஆனா உள்ள கல்லு கட்டியிருக்கான் பாருங்க. ஒவ்வொரு கல்லும் அளந்து செதுக்கினது, வளைவு எங்கயும் பிசகல. இது கர்னலுங்க வேலை இல்ல. இதையே தொழிலா செஞ்ச ஒருத்தன் மாசக்கணக்குல உக்காந்து செஞ்சது."

அவன் போய்விட்டான். நான் திரும்பி வந்து தட்டச்சு இயந்திரத்தின் முன் உட்கார்ந்தேன். மணமகன் பெயரை மூன்று தடவை தப்பாக அடித்தேன். லோனி சொன்னது எனக்குப் புதிதாக இருந்திருந்தால் அன்றைக்கு அவ்வளவு தொந்தரவு செய்திருக்காது.

பத்தொன்பது வருடத்துக்கு முன், 1987-ல், எர்லிண்டா பராசா, கிணற்றை வெட்டியது கர்னல் இல்லை என்று சொல்லிக்கொண்டு, என் மேசைக்கு ஒரு கடிதத்தோடு வந்தாள். சதுக்கத்தின் தெற்கு ஓரத்தில் சோள ரொட்டிக் கடை வைத்திருப்பவள். காலையில் அந்தக் கடையின் வாசனை ஏறாத சட்டை எங்கள் ஊரில் கிடையாது. அந்தக் கடிதத்தை வாங்கி, 'ஆதாரம் இணைக்கப்படவில்லை' என்ற ரப்பர் முத்திரையை அழுத்தி, கோப்பில் சேர்த்தேன். கடிதத்தில் அதற்கு மேல் என்ன இருந்தது என்பது எனக்கு நினைவில்லை. நினைவில்லாததற்குக் காரணம், நான் அதைப் படிக்கவே இல்லை.

அன்று மதியம் நிலவறைக்குப் போய்ப் பெட்டிகளைப் புரட்டி அதை எடுத்தேன். கோடு போட்ட தாளில் நான்கு பக்கம். அவளுடைய கொள்ளுத்தாத்தா எலிஹியோ பராசாதான் அந்தக் கிணற்றை வெட்டினார், கர்னல் இங்கே வருவதற்கு முன்பே அது இருந்தது, 1891 வறட்சியில் கர்னல் வேலி போட்டுவிட்டதால் பராசா குடும்பம் நாலு மைல் தூரம் ஆற்றுக்குப் போய்ப் பீப்பாயில் தண்ணீர் கொண்டுவந்தது என்று எழுதியிருந்தாள். கடைசியில், 'நாங்கள் கேட்பது பலகையில் ஒரே ஒரு வரிதான்' என்று முடித்திருந்தாள்.

மறுநாள் என் அண்ணன் ராய்ஸ் அலுவலகத்துக்கு வந்தான். என்னைவிட ஐந்து வயது மூத்தவன். பண்ணைக்காரன். மாவட்ட நிர்வாகக் குழுவில் உறுப்பினரும்கூட.

"அந்தக் குழி ஆபத்து. திங்கக்கிழமை சிமெண்டு லாரி வருது. முழுசா மூடிடலாம்" என்றான்.

"முழுசாவா? மூடியை மாத்தினா போதாதா?"

"யாராவது விழுந்தா யாரு பதில் சொல்றது? மூடிடலாம் வெர்னா. பலகையை அதே வாசகத்தோட திரும்ப வார்க்கச் சொல்லிடு. விஷயம் முடிஞ்சுது."

அவன் பேசும்போது என் முகத்தைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தான். ராய்ஸ் பொய் சொல்லத் தெரியாதவன். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான், ஏதாவது மறைத்தால் கண் வேறெங்கோ போய்விடும். ஆனால் அப்போது எனக்கு அது உறைக்கவில்லை. திங்கட்கிழமை என்ற ஒரு சொல்தான் மண்டைக்குள் நின்றது. லோனிக்கு போன் செய்தேன்.

"உள்ள இறங்க முடியுமா?"

"நீங்க கேக்கணும்னுதான் காத்துட்டிருந்தேன்" என்றான்.

சனிக்கிழமை காலை லாரியைக் கவனமாக, மிகக் கவனமாக, சதுக்கத்தில் நிறுத்தினான். தீயணைப்புக்காரர்களிடமிருந்து விஷவாயு சோதிக்கும் கருவியை வாங்கிவந்து முதலில் அதை இறக்கிப் பார்த்தான். பிறகு இடுப்பில் பட்டை, தலையில் விளக்கு வைத்த தொப்பி, கையில் ஒரு கம்பித் தூரிகை. அவனுடைய மனைவி டார்லா விசையைப் பிடித்து, வடத்தை அங்குலம் அங்குலமாக விட்டாள். எங்கள் ஊரில் சனிக்கிழமை காலையில் வேறு வேலை யாருக்கும் இல்லை. அரை மணி நேரத்தில் நாற்பது பேர் கூடிவிட்டார்கள். எர்லிண்டா கடைக்கு வெளியே வந்து, மாவு அப்பிய கையை ஏப்ரனில் துடைத்தபடி, கூட்டத்துக்குப் பின்னால் நின்றாள். நான் அவள் பக்கம் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியமில்லை.

நாற்பதடி ஆழத்தில் வடம் நின்றது.

"ஒரு பெரிய கல்லு இருக்கு!" கிணற்றுக்குள்ளிருந்து லோனியின் குரல் பீப்பாய்க்குள் பேசுவதுபோல வந்தது. "எழுத்து வெட்டியிருக்கு. சுண்ணாம்பு படிஞ்சு கெடக்கு, தேய்ச்சு தேய்ச்சுதான் படிக்கணும். ஸ்பானிஷ் மாதிரி தெரியுது. எழுத்து எழுத்தா சொல்றேன், யாராவது எழுதிக்கோங்க!"

கைப்பையில் வேறு தாள் இல்லாததால் ஒரு பழைய உறையின் பின்புறத்தில் எழுதத் தயாரானேன்.

"டி! ஓ! எம்!" என்று கத்தினான். "ஏ! எஸ்! ஏ!"

"எலிஹியோன்னுல்ல இருக்கணும்" என்று பின்னாலிருந்து எர்லிண்டாவின் குரல் வந்தது. கூட்டம் வழிவிட்டது. அவள் முன்னால் வந்து என் தோளுக்கு மேல் உறையைப் பார்த்தாள். "தொமாசா. தொமாசான்னு வருது."

"யாரு தொமாசா?" என்றேன்.

"எலிஹியோவோட அம்மா." அவள் குரல் இறங்கிப்போயிருந்தது. "பேரு மட்டும்தான் தெரியும். ஜெப புத்தகத்துல எழுதியிருக்கும். வேற ஒருத்தரும் ஒண்ணும் சொன்னதில்ல."

முழுவதும் வந்து முடிய முக்கால் மணி நேரம் ஆயிற்று. எர்லிண்டா உறையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு உரக்கப் படித்தாள், முதலில் ஸ்பானிஷில், பிறகு எங்கள் எல்லோருக்கும் புரியும்படி.

"விதவை தொமாசா பராசா இந்தக் கிணற்றை வெட்டுவித்தாள். மகன் எலிஹியோ கல் கட்டினான். 1874. வருகிறவர் குடிக்கட்டும்."

திடீரென்று எர்லிண்டா சிரித்தாள். தொப்பை குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வந்தது.

"அறுபத்தாறு வருஷமா எலிஹியோ வெட்டினாரு, எலிஹியோ வெட்டினாருன்னு கேட்டு வளந்திருக்கேன். எங்கப்பா சொல்லுவாரு, எங்க பெரியப்பா சொல்லுவாரு. எங்க வீட்டு ஆம்பளைங்களும் உங்க கர்னல் மாதிரிதான்னு இப்பல்ல தெரியுது! அம்மாக்காரியை அப்படியே முழுங்கிட்டாங்களே!"

சிமெண்டு லாரி திங்கட்கிழமை வரவில்லை. அத்தனை பேர் கேட்ட பிறகு அதை மூடச் சொல்ல ராய்ஸாலும் முடியவில்லை. ஆனால் செவ்வாய் இரவு உணவுக்குப் பண்ணைக்குக் கூப்பிட்டுவிட்டு, இறைச்சியைக்கூட வெட்டாமல் என்னைப் பிடித்துக்கொண்டான்.

"நம்ம வீட்டுக் கல்லறையை நீயே தோண்டணுமா?"

"நான் தோண்டினது கிணறு."

"ரெண்டும் ஒண்ணுதான். அப்பா பொய் எழுதினாருன்னு ஊர் பேசும். உனக்கு அது சந்தோஷமா?"

"அப்பாவுக்குத் தெரியாம இருந்திருக்கலாம்ல?"

தட்டைத் தள்ளிவிட்டு மாட்டைப் பார்க்கப் போகிறேன் என்று எழுந்து போனான். அண்ணி என்னைப் பார்த்தாள். நானும் சாப்பிடாமல் கிளம்பினேன்.

கல்லின் படங்களை, வரலாற்றுப் பலகைகளுக்கு அனுமதி தரும் மாநில அலுவலகத்துக்கு அனுப்பிவைத்தேன். மூன்று வாரத்தில் மரியாதையான பதில் வந்தது. கல்வெட்டு மிக முக்கியமானது, ஆனால் அது எந்தக் காலத்தில் வெட்டப்பட்டது என்று கல்லை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. அந்தக் காலத்துத் தாள் ஒன்றாவது வேண்டும். ஜூன் முதல் தேதிக்குள் வராவிட்டால் பழைய வாசகத்தையே வார்க்க வேண்டியிருக்கும். அவர்கள் சொன்னதில் தவறில்லை. நானாக இருந்தாலும் அதையேதான் கேட்டிருப்பேன். கேட்கவும் செய்தேனே, கடிதத்தைத் திறந்துகூடப் பார்க்காமல்.

ஏப்ரல் முழுவதும் நிலவறையில் கழிந்தது. 1889-ல் நீதிமன்றம் தீப்பிடித்ததில் அதற்கு முந்தைய நிலப்பதிவுகள் அத்தனையும் சாம்பல். கர்னல் கிணறு வெட்டியதாகப் பலகை சொன்ன 1879-க்கு ஒரு கிழிசல் தாள்கூட இல்லை. ஆனால் 1891-ன் நிர்வாகக் குழுக் குறிப்பேட்டில், ஆகஸ்ட் மாதப் பக்கத்தில், ஒரு வரி கிடைத்தது. 'டாலிவர் கிணற்று வேலி குறித்து எ. பராசா புகார். ஏற்கப்படவில்லை.'

அந்த வரியில் விரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். எங்கள் அலுவலகம் அந்தக் குடும்பத்தை இரண்டு தடவை திருப்பி அனுப்பியிருக்கிறது. முதல் தடவை திருப்பியவர் யாரென்று தெரியாது. இரண்டாம் தடவை திருப்பியது யாரென்று தெரியும்.

ஆனால் வேலி இருந்தது என்பதற்குத்தான் அது ஆதாரம். கிணறு கர்னலுக்கு முந்தியது என்பதற்கு அது உதவாது.

மே பத்தாம் தேதி நண்பகல். எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். ராய்ஸ் வந்தான். தொப்பியைக் கழற்றவில்லை, உட்காரவும் இல்லை. சட்டைக்குள்ளிருந்து ஒரு தோல் உறையை எடுத்து என் மேசையில் வைத்தான்.

"என்னது?"

"பிரிச்சுப் பாரு."

மஞ்சள் பூத்த தாள், மூன்றாக மடித்தது. கர்னலின் கையெழுத்து எனக்குத் தெரியும். தேதி 1879 அக்டோபர். இந்த இடத்தில் ஏற்கெனவே இருக்கும் கல் கட்டிய கிணற்றை, இரண்டு கோவேறு கழுதைகளுக்கு ஈடாக, பராசா என்னும் மெக்சிகோ விதவையிடமிருந்து ஏமஸ் டாலிவர் பெற்றுக்கொள்கிறார். விதவையும் அவள் சந்ததியும் என்றென்றைக்கும் இதில் தண்ணீர் எடுத்துக்கொள்ளலாம். கீழே ஒரு கோணல் சிலுவைக் குறி. பக்கத்தில் 'அவள் அடையாளம்' என்று எழுதியிருந்தது.

"எங்க இருந்துச்சு?"

"அப்பா இறந்தப்ப அவரோட இரும்புப் பெட்டியில. ஒம்போது வருஷமா எங்கிட்டதான் இருக்கு."

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"பின்பக்கம் பாரு."

தாளின் மடிப்போரம் பென்சிலில் அப்பாவின் சின்ன எழுத்து. '1964 ஜூன்.' அவர் பலகைக்கு வாசகம் எழுதி அனுப்பிய மாதம் அது. பள்ளிக்கூடத்தில் பொய் சொன்னதற்காக என்னை வாசலில் ஒரு மணி நேரம் நிறுத்தி வைத்தவர் என் அப்பா.

"எரிச்சிருக்கலாமே" என்றேன். "அவரும் எரிக்கல, நீயும் எரிக்கல."

"எரிக்க மனசு வரல. காட்டவும் மனசு வரல." ராய்ஸ் கடைசியில் உட்கார்ந்தான். தொப்பியைக் கழற்றி முழங்கால் மேல் வைத்தான். "எடுத்துப் பாக்கும்போதெல்லாம் அது எனக்கு ஒரு கூட்டல் குறி, வெர்னா. யாரோ ஒரு விதவை. அவளோட சொந்தப் பேருகூட எழுதல பாரு நம்ம ஆளு. அன்னிக்கு லோனி உள்ள இருந்து எழுத்தெழுத்தாக் கத்தினானே, நான் மருந்துக்கடை வாசல்ல நின்னு கேட்டுட்டிருந்தேன். டி, ஓ, எம்னு. அதுலேர்ந்து அந்தக் குறி என்னைப் பாத்துட்டே இருக்கு. எனக்குத் தாங்கல."

நான் எழுந்துபோய் அவன் தோளில் கை வைத்தேன். எங்கள் வீட்டில் யாரும் யாரையும் அப்படித் தொட்டுப் பழக்கமில்லை. அவன் உதறவில்லை.

"நீயே கொண்டுபோய் எர்லிண்டாகிட்ட குடு" என்றேன்.

"முடியாது. நீ குடு." எழுந்து தொப்பியைப் போட்டுக்கொண்டான். "என்னால இவ்வளவுதான் முடியும்."

கடை மூடும் நேரம் பார்த்துப் போனேன். எர்லிண்டா ரொட்டி சுடும் இரும்புக் கல்லைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். தாளை மேடை மேல் விரித்தேன். கையைத் துடைத்துவிட்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, நிதானமாக இரண்டு முறை படித்தாள். சிலுவைக் குறிக்கு மேல் விரலைக் கொண்டுபோனாள், தொடவில்லை.

"எழுதத் தெரியாது போல. கல்லுல பையன்தான் வெட்டியிருக்கான்." பிறகு கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தாள். "உங்கண்ணன் குடுத்தானா?"

"ஆமா. எர்லிண்டா, எண்பத்தேழுல நீ ஒரு கடிதம் குடுத்தே. நான்..."

"படிக்கல. தெரியும்."

"தெரியுமா?"

"நான் எதிர்ல நிக்கும்போதே முத்திரையைக் குத்தினியே அம்மா. நாலு பக்கத்தை அவ்வளவு சீக்கிரம் படிக்க தேவதூதனாலகூட முடியாது."

"மன்னிச்சிடு" என்றேன்.

துணி போட்டு மூடியிருந்த கூடையிலிருந்து ஒரு ரொட்டியை எடுத்து, வெண்ணெய் தடவி, சுருட்டி என் கையில் கொடுத்தாள்.

"பத்தொம்போது வருஷம் உன் மேல கோவமாத்தான் இருந்தேன். ஒவ்வொரு நாளும் நீ வந்து அரை டஜன் வாங்குவே. நான் சூடு ஆறினதாப் பாத்துக் குடுப்பேன். இது இப்ப போட்டது. சாப்பிடு."

நான் சாப்பிட்டேன். இத்தனை வருடமும் நான் ஆறின ரொட்டிதான் தின்றிருக்கிறேன் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

வாசகத்தை எழுத நான்கு நாள் ஆயிற்று. பலகையில் பதினேழு வரிக்கு மேல் இடமில்லை. நான் எழுதிக்கொண்டுபோன முதல் படியை எர்லிண்டா சிவப்புப் பேனாவால் அடித்துத் தள்ளினாள்.

"என்ன இது? 'வரலாற்றின் இருளில் மறைக்கப்பட்ட வீரப் பெண்மணி.' அவளை உனக்குத் தெரியுமா? வீரமா இருந்தாளா, சிடுமூஞ்சியா இருந்தாளான்னு எனக்கே தெரியாது."

"சரி, எடுத்துடறேன்."

"'டாலிவர் குடும்பம் ஆழ்ந்த வருத்தத்துடன் ஒப்புக்கொள்வது என்னவென்றால்...' இதுக்கு அஞ்சு வரியா? இது உன் பாவமன்னிப்பு இல்ல வெர்னா. அவளோட கிணறு. நீ வருத்தப்படணும்னா பாதிரியார்கிட்ட போ. அவரு முழிச்சிருந்தா."

"அப்ப வேலி போட்ட விஷயம்?"

"அது இருக்கணும். ஒரே வரி. யாரையும் திட்ட வேணாம், நடந்ததைச் சொல்லு."

"ஊர் பேரு? சிலர் மாத்தணும்னு பேசறாங்க."

"ஐயோ, வேணாம்!" என்றாள். "என் கடை போர்டு, மாவு மூட்டை அச்சு, எல்லாத்தையும் மாத்தணும். கர்னலே வெச்சுக்கட்டும்."

கடைசியில் பதினோரு வரியில் முடிந்தது. விதவை தொமாசா பராசா 1874-ல் வெட்டுவித்த கிணறு, மகன் எலிஹியோ கட்டிய கல், 1879-ல் டாலிவர் வாங்கியது, பராசா குடும்பத்துக்கு எழுதிக்கொடுத்த தண்ணீர் உரிமை, 1891-ல் அது மறுக்கப்பட்டது, கடைசியாகக் கல்லில் உள்ள வாக்கியம் அவள் மொழியிலேயே. மாநில அலுவலகம் மே இருபத்தாறாம் தேதி சம்மதித்தது. எர்லிண்டா அந்தச் சம்மதக் கடிதத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கல்லாவுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டாள்.

அக்டோபரில் பலகை வந்தது. கம்பம் நட்டது லோனிதான். லாரி வரும் தடத்திலிருந்து பத்தடி தள்ளி, மூன்றடி ஆழத்துக்குச் சிமெண்டு. "இனிமே ரயில் வந்து மோதினாத்தான் உண்டு" என்றான். கிணற்றுக்கு இரும்புக் கம்பி வலை போட்டு, உள்ளே அந்தக் கல் தெரியும்படி ஒரு விளக்கும் பொருத்தியிருந்தான். தண்ணீர் இல்லை. எத்தனையோ வருடத்துக்கு முன்பே வற்றிவிட்டது, இனி வராது என்று சோதித்துச் சொல்லிவிட்டான்.

திறப்பு நாளன்று பராசா குடும்பத்தார் ஆற்றுக்கு அந்தப் பக்கம், மெக்சிகோவிலிருந்தும் வந்திருந்தார்கள், அறுபது பேருக்கு மேல். பல பேர் ஒருவரையொருவர் அன்றைக்குத்தான் பார்த்துக்கொண்டார்கள். ராய்ஸ் வரமாட்டான் என்றுதான் நினைத்தேன். வந்தான். சதுக்கத்தின் ஓரத்தில் தன் வண்டியில் சாய்ந்து, கையைக் கட்டிக்கொண்டு நின்றான். துணியை இழுக்கும் நேரம் வந்ததும் எர்லிண்டா கயிற்றின் ஒரு முனையைக் கையில் சுற்றிக்கொண்டு சதுக்கம் முழுக்கக் கேட்கும்படி கூப்பிட்டாள்.

"ஏய் ராய்ஸ் டாலிவர்! அங்க என்ன மாடு மேய்க்கிறியா? இந்தப் பக்கம் வந்து பிடி. எனக்கு முழங்கை வலி."

அறுபது பராசாக்களும் திரும்பிப் பார்த்தார்கள். ராய்ஸின் கழுத்து சிவந்தது. ஆனால் நடந்து வந்தான். மறுமுனையைப் பிடித்தான். துணி விழுந்தது. கைதட்டல் ஓய்ந்தபோது ராய்ஸ் பலகையை மெதுவாக, உதடு அசைய, மேலிருந்து கீழ் வரை படித்துக்கொண்டிருந்தான். பிறகு எர்லிண்டாவிடம் ஏதோ சொன்னான். என்ன சொன்னான் என்று நான் இருவரையும் கேட்டுவிட்டேன். இருவருமே சொல்லவில்லை.

அடுத்த வியாழக்கிழமை வரலாற்றுக் குழுக் கூட்டம். எர்லிண்டா புது உறுப்பினர் என்பதால் நாற்காலி ஒன்று கூடுதலாகப் போட்டிருந்தேன். கதவைத் திறந்தால் வெளியே பதினான்கு பேர் நின்றிருந்தார்கள். ஒருத்தியின் கையில் ஷூ பெட்டி நிறையக் கடிதங்கள். ஒருவர் தன் மாமனாரின் ரயில்வேச் சீருடையைத் துணிப்பையில் கொண்டுவந்திருந்தார். சலவைக்கடை வைத்திருந்த யீ குடும்பத்தின் பேரன், சீன எழுத்தில் ஒரு தடித்த புத்தகத்தோடு, எண்பது மைல் தாண்டி வந்திருந்தான். பில் தன் மருந்துக்கடைக்கு ஓடி நாற்காலிகள் தூக்கி வந்தான். அன்றைக்குப் பாதிரியார்கூடத் தூங்கவில்லை.

"யாரு மொதல்ல?" என்றாள் எர்லிண்டா.

ரயில்வேச் சீருடைக்காரர் எழுந்து தொண்டையைச் செருமினார். "எங்க வீட்டுல சொல்லுவாங்க, இந்த ஊரோட மொதப் பள்ளிக்கூடம் ஒரு சரக்கு ரயில் பெட்டிக்குள்ள நடந்துச்சுன்னு. தாள் ஒண்ணும் எங்கிட்ட இல்ல. பரவாயில்லையா?"

"தாள் அப்புறம் தேடலாம்" என்றேன். "உக்காருங்க. எந்தப் பெட்டி, எங்க நின்னுச்சு, யாரு பாடம் நடத்தினாங்க, எல்லாத்தையும் சொல்லுங்க."

அவர் சொல்லத் தொடங்கினார்.